இரண்டரை மணி முதல் நாலரை மணி வரை

தேவிபட்டினத்தில் பெண்களுக்கென்று ஒரு நூலகம் தொடங்கியபோது, நாங்கள் காசு கொடுத்து வாங்கிய முதல் பொருள் ஒரு சுவர்க் கடிகாரம். புத்தகங்கள் நன்கொடையாக வந்தன. அலமாரிகளைத் தெரிந்தவர்கள் கொடுத்தார்கள். கோரைப்பாய்கள் ஆளுக்கொன்றாக வீட்டிலிருந்து வந்தன. கடிகாரத்தை மட்டும் நானே பஸ் ஏறி ராமநாதபுரம் போய் வாங்கிவந்தேன். அதற்கு முந்திய ஒரு மாதமாக நான் தெருத்தெருவாகப் போய்ப் பெண்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்: “ஒரு நாளில் எந்த நேரம் உங்க நேரம்?”

பலருக்குக் கேள்வியே விளங்கவில்லை. கரையில் நண்டு வலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மதினி, கையை நிறுத்தாமலே கணக்குச் சொன்னார். “விடியிறதுக்கு முன்ன கரைக்கு வந்துருவேன். வள்ளம் வந்ததும் வலையில இருந்து நண்ட எடுக்கணும், கொடுக்கு ஒடையாம எடுக்கணும். ஏவாரிக்கு நிறுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயி ஒல வைக்கணும். தண்ணி வர்ற நாளா இருந்தா கொடத்தத் தூக்கிட்டு ஓடணும். அவுக சாப்பிட்டுப் படுத்த பெறகு, புள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள, கொஞ்ச நேரம் யாரும் என்னைக் கூப்புட மாட்டாக.” பள்ளிவாசல் தெருவில் ஒரு லாத்தாவும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். லுஹர் தொழுது, சாப்பாடு முடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபின் பிள்ளைகள் வரும்வரை. எழுதி வைத்த பதில்களைக் கூட்டிப் பார்த்தேன். மீனவத் தெருவும் முஸ்லிம் தெருவும் ஒன்றுகூடிய இடம் பிற்பகல் இரண்டரை முதல் நாலரை வரை.

அதுவே எங்கள் நூலகத்தின் நேரமானது. அந்த இரண்டு மணி நேரத்தைக் காவல் காப்பதுதான் என் தொழில் என்று அன்று எனக்குத் தெரியாது. புத்தகம் கொடுத்து வாங்குவதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

இந்த வேலைக்கு நான் வந்தது அறிவொளி வழியாக. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாவட்டம் மாவட்டமாக அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பரவியது. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள் என்ற செய்தி எங்கள் கரைக்கும் வந்து சேர்ந்தது. அந்த உற்சாகத்தில்தான் நானும் ஒரு தொண்டராகப் பெயர் கொடுத்தேன். கையில் ஒரு நோட்டு, வீடு வீடாகக் கணக்கெடுப்பு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒரு பக்கம், தெரியாதவர் மறுபக்கம்.

ஒரு வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு உம்மம்மா. “எழுதப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டேன். பேரன் முந்திக்கொண்டு “கைநாட்டு” என்றான். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். உள்ளே போன உம்மம்மா துணியில் சுற்றிய ஒரு கிதாபோடு வந்தார். கல்லச்சில் அடித்த பழைய புத்தகம். மடியில் வைத்து, வலமிருந்து இடமாக விரலை ஓட்டி, ராகத்தோடு படிக்கத் தொடங்கினார். எழுத்து அரபு, காதில் விழுந்தது தமிழ். எனக்கு விளங்கும் நல்ல தமிழ். படித்து நிறுத்திவிட்டு என் நோட்டைக் காட்டி, “இதுல என்ன வாப்பு எழுதுன?” என்றார்.

அரபுத்தமிழ் என்ற ஒன்று இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதல் புள்ளிகள் இட்டு எழுதும் முறை அது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலும் அக்கரையில் இலங்கையிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இந்த எழுத்தில் நிறைய எழுதினார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாத பெண்கள் வீட்டிலேயே ஓதக் கற்று, அந்த எழுத்தின் வழியாகத் தமிழையும் படித்தார்கள். நூறு மசலா, பெண்புத்தி மாலை என்று பாட்டாகவும் கதையாகவும் அவர்களிடம் ஒரு நூலகமே இருந்திருக்கிறது. அரசாங்கக் கணக்கில் அவர்கள் எல்லாரும் கைநாட்டு.

நோட்டில் எழுதியதை அந்த உம்மம்மா முன்னாலேயே அடித்துத் திருத்தினேன். தமிழ் எழுத்துத் தெரியாத வாசகி என்று எழுதினேன். பின்னாளில் நூலகம் தொடங்கியபோது முதல் உறுப்பினர் அவர்தான். அவருடைய கிதாபை வாங்கி அலமாரியில் வைக்கவில்லை. அவரையே அழைத்து வந்து பாயில் உட்கார வைத்தோம். வாரம் ஒரு நாள் அவர் ஓத, ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பெண் அதைக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதினாள். ஒருத்திக்கு எழுத்து இருந்தது, மற்றவளுக்குக் கேட்கக் காது இருந்தது. இருவருமே அந்த வேலையை முடிக்காமல் எழுந்ததில்லை.

*

இடம் கிடைத்தது ஒரு சபுராளி வீட்டில். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். பூட்டிக் கிடந்தால் கரையான் ஏறும் என்று முன்கூடத்தையும் பக்கத்து அறையையும் எங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த வீட்டுக்கு இரண்டு வாசல். ஒன்று கடைத்தெருவைப் பார்க்கும். மற்றது முடுக்கில் திறக்கும். இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் ஒரு ஆள் போகும் அகலத்தில் இருக்கும் அந்தச் சந்து வழியாகத்தான் பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். பலகையைப் பெரிய வாசலில் மாட்டலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு லாத்தா மட்டும், “பலகை எங்க வேணாலும் இருக்கட்டும். கதவ முடுக்குப் பக்கம் தொறந்து வையுங்க” என்றார். அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் நூலகம் நிலைத்தது. கடைத்தெரு வழியாக வந்திருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

பெண்களுக்குத் தனியாக எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. ஊரில் பொது நூலகம் இருக்கிறதே, யார் தடுத்தார்கள் என்பார்கள். யாரும் தடுக்கவில்லைதான். சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கு முதல் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது, 1948இல். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கிறார்கள். இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. அந்த வரியில் அடுப்படியும் சேர்த்திதான். ஆனால் காலையிலும் மாலையிலும் திறந்திருக்கும் வாசிப்பறையில், ஆண்கள் நான்கு பேர் தினசரியைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருக்கும் மேசைக்கு நடுவில், மீன் வாடையடிக்கும் சேலையோடு ஒரு பெண் போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்துல் கலாம் தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் ராமேஸ்வரத்தில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் வீட்டிலிருந்த புத்தகங்களைப் பற்றி நன்றியோடு எழுதியிருக்கிறார். விடுதலைப் போராட்டத்தில் தீவிரமாக இருந்த அவர், சிறுவன் கலாமைத் தம் வீட்டு நூல்களைப் படிக்க ஊக்கப்படுத்தினார். புத்தகம் அரிதாக இருந்த தீவில் அப்படி ஒரு கதவு திறந்திருந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் அதே தெருவில் அதே வயதில் இருந்த பெண் குழந்தைகளை நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கும் அப்படி ஒரு வீடு வேண்டும். போனால் யாரும் ஏனென்று கேட்காத வீடு.

*

கடற்கரையில் நூலகம் நடத்துவது தனித் தொழில். உள்ளூர்க்காரர்களுக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று தெரியும். புத்தகத்தின் முதுகில் இருக்கும் கம்பிப் பின் ஒரே வாடைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். பழுப்பு நிறத்தில் ஒரு கறை, பிறகு ஓட்டை, பிறகு நடுப்பக்கம் கழன்று கையோடு வரும். வந்த வார இதழ்களும் மெல்லிய புத்தகங்களும் முதல் மழையிலேயே இப்படிப் போயின.

வழி சொன்னது வலை பொத்தும் ஒரு அப்பத்தா. பின்னை எல்லாம் பிடுங்கச் சொன்னார். கிழிந்த வலையிலிருந்து உருவிய நைலான் நூலைக் கொண்டுவந்தார். புத்தகத்தை நடுவில் விரித்து, மடிப்பில் மூன்று துளை போட்டு, ஊசியை நடுத்துளையில் விட்டு மேலே ஏறிக் கீழே இறங்கி மீண்டும் நடுவுக்கே வந்து முடிச்சுப் போட்டார். வலைக் கண்ணிக்குப் போடும் அதே முடிச்சு. இழுத்துப் பார்த்துவிட்டு, “சுறா இழுத்தாலும் வராது” என்றார். அவர் தைத்த புத்தகங்கள் சில இன்றும் எங்களிடம் இருக்கின்றன. தாள் நைந்துவிட்டது, தையல் அப்படியே இருக்கிறது.

பைண்டிங் பசையை நாங்களே காய்ச்சுவோம். மைதா மாவில் ஒரு துளி மயில்துத்தம் கரைத்துவிட்டால் பூச்சி அண்டாது. அலமாரித் தட்டுகளில் வசம்புத் துண்டு. மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் எல்லாப் புத்தகங்களையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுவோம். வெயிலில் வைத்தால் அட்டை நெளிந்துவிடும். கருவாடு காய வைப்பதில் கைதேர்ந்த பெண்களுக்கு எதை எவ்வளவு காய வைக்க வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுக்குவதிலும் எங்களுக்கென்று ஒரு முறை. நூலகத் துறையில் பகுப்பு எண் போட்டு அடுக்குவார்கள். நானும் முதலில் அப்படித்தான் தொடங்கினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெண்கள் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவதைக் கவனித்தேன். பொருள் பிடிக்காமல் இல்லை. எழுத்து சிறியது, பக்கம் நெருக்கமாக இருந்தது. அதன் பிறகு எழுத்தின் அளவை வைத்துப் பிரித்தோம். பெரிய எழுத்துக்குச் சிவப்பு நூல், நடுத்தரத்துக்குப் பச்சை, சிறிய எழுத்துக்கு வெள்ளை. சிவப்பில் தொடங்கியவர்கள் தாமாகவே பச்சைக்குப் போனார்கள். “டீச்சர், நான் வெள்ளைக்கு வந்துட்டேன்” என்று ஒருத்தி சொன்ன நாளில் அறை முழுக்கச் சந்தோஷப்பட்டது.

திரும்பி வரும் புத்தகம் எனக்கு நிறையச் சொல்லும். மஞ்சள் விரல் பதிந்திருந்தால் அடுப்படியில் படித்தது. பக்கங்களுக்கிடையே நறநறவென்று மணல் இருந்தால் கரையில் வள்ளத்துக்குக் காத்திருந்தபோது படித்தது. ஓரம் நனைந்து காய்ந்து சுருண்டிருந்தால் தண்ணீர் வரிசையில் குடத்துக்கு மேல் வைத்துப் படித்தது. நூலகப் பாடம் கறையைச் சேதம் என்று சொல்லும். எனக்கு அது வாசித்த நேரத்தின் கையெழுத்து.

*

என் கையால் நடந்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும்.

தொடங்கிய இரண்டாம் ஆண்டு, புத்தகங்கள் சில திரும்ப வரவில்லை. விதிப்படி நினைவூட்ட வேண்டும் என்று தபால் கார்டு வாங்கினேன். பெயர், நூலின் தலைப்பு, எடுத்த தேதி, தவணை கடந்த நாட்கள் எல்லாம் ஒழுங்காக எழுதித் தபாலில் சேர்த்தேன். கார்டு என்பது திறந்த காகிதம். ஒரு பெண்ணின் வீட்டுக்கு வந்ததை அவருடைய கொழுந்தன் வாங்கிக் கூடத்தில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்திருக்கிறான். அது ஒரு நாவல். மத்தியானம் எங்கே போகிறாய் என்ற கேள்வி அதுவரை அந்த வீட்டில் எழுந்ததில்லை. அன்று எழுந்தது. அவர் வருவது நின்றுபோனது.

புத்தகம் சில நாள் கழித்து வந்து சேர்ந்தது, பழைய தினசரியில் சுற்றி, ஒரு சிறு பெண் கையில். அட்டை கசங்காமல் இருந்தது. நான் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று பேசினோம். கோபப்படவில்லை. “கார்டு போடாம இருந்திருக்கலாம் டீச்சர்” என்றார். அவ்வளவுதான்.

அந்த வாக்கியத்தோடு பல வருடம் வாழ்ந்துவிட்டேன். எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளை நூலகவியல் கற்றவர்கள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். சீர்காழியில் பிறந்த அவர் 1931இல் அந்த விதிகளை நூலாக வெளியிட்டார். வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது நான்காம் விதி. தேடி அலைந்து நேரம் வீணாகக் கூடாது என்பது அதன் பொருள். எங்கள் ஊருக்கு அதன் பொருள் இன்னும் ஒரு படி ஆழமானது என்று அந்தக் கார்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எங்கள் வாசகியின் நேரம் அவள் வீட்டாருக்குத் தெரியாத நேரம். அவள் கேட்டுப் பெற்றதல்ல, இடுக்கில் கிடைத்தது. அதை வெளிச்சம் போட்டுக் காட்டினால் பறிபோய்விடும்.

அன்றிலிருந்து விதிகளை மாற்றினோம். இரவல் பதிவேட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும். அபராதம் இல்லை. நினைவூட்டல் இல்லை. யார் என்ன படிக்கிறார் என்று நூலகத்துக்கு வெளியே பேசுவதில்லை; தாயிடம் மகளைப் பற்றியும் மகளிடம் தாயைப் பற்றியும் பேசுவதில்லை. சில புத்தகங்கள் தொலைந்தன. அது நாங்கள் கொடுக்க வேண்டிய விலை.

*

ஊரின் வருடத்தோடுதான் நூலகத்தின் வருடமும் நடக்கிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் அந்த நாட்களில் வீட்டில் இருப்பார்கள். வேலை குறைவு, பெண்களுக்கு ஓய்வு கிடைக்கும், கூட்டம் கூடும் என்று நான் எதிர்பார்த்தேன். நடந்தது நேர்மாறு. ஆண்கள் வீட்டில் இருந்தால் மூன்று மணிக்கு ஒரு டீ, மூன்றரைக்கு ஒரு அழைப்பு. வருமானமில்லாத வீட்டில் மனக்கசப்பும் சேர்ந்துகொள்ளும். பாய்கள் காலியாகக் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் புத்தகங்களைத் துணிப்பையில் போட்டுத் தெருவுக்கு ஒருத்தியிடம் கொடுத்துவிடுவோம். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். எங்களுக்கு வண்டி எதற்கு? தெருக்கள் கூப்பிடு தூரம். அரிசிப் பையில் அடியில் புத்தகம், மேலே முருங்கைக்கீரை.

நோன்பு மாதத்தில் பிற்பகல் முழுக்க நோன்புக் கஞ்சிக்கான வேலை. அப்போது நூலகம் காலை பத்து மணிக்குத் திறக்கும். மற்ற நாட்களில் அஸர் பாங்கு கேட்டதும் லாத்தாமார் ஒளுச் செய்து பக்கத்து அறையில் தொழுதுவிட்டு வந்து விட்ட பக்கத்திலிருந்து தொடர்வார்கள். அந்த நேரம் நாங்களும் குரல் தாழ்த்திக்கொள்வோம். யாரும் யாரிடமும் சொல்லி வந்த பழக்கமல்ல அது.

ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தைக் கும்பிட எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருவார்கள். நீருக்குள் நிற்கும் ஒன்பது கற்களைச் சுற்றி வந்து கடலில் முழுகிக் கரையேறும் பெண்களுக்கு ஈரச்சேலை மாற்ற மறைவிடம் தேவைப்படும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கவும் ஒரு சுவர் வேண்டும். அந்த நாட்களில் விடியற்காலையிலேயே நூலகத்தைத் திறந்துவிடுவோம். முகம் தெரியாத பெண்கள் வந்து, தலை துவட்டி, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, அலமாரியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சிலர் “இது என்ன இடம்?” என்று கேட்பார்கள். “பொம்பளைங்க வந்து படிக்கிற இடம்” என்றால், தம் ஊரில் இப்படி ஒன்று உண்டா என்று யோசிப்பது முகத்தில் தெரியும்.

சனிக்கிழமை மனு எழுதும் நாள். திங்கள்தோறும் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். குடிநீர், ரேஷன் கார்டு, விதவை உதவித்தொகை, வீட்டுமனைப் பட்டா, அக்கரைக் கடற்படை பிடித்துப்போன கணவனையோ மகனையோ மீட்டுத்தரக் கோரும் விண்ணப்பம். முதலில் நானே எழுதிக் கொடுத்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். சொல்பவர் சொல்ல, சிவப்பு நூலைத் தாண்டிய ஒருத்தி எழுத, எழுதியதை அவள் உரக்கப் படிக்க, சொன்னவர் திருத்துவார். “அப்படி இல்ல, ‘கேட்டுக்கொள்கிறேன்’னு போடாத. மூணு தடவ கேட்டாச்சுன்னு போடு.” மனுவுக்கு இரண்டு பிரதி. ஒன்று அவருக்கு, ஒன்று எங்கள் டிரங்குப் பெட்டிக்கு.

அந்தப் பெட்டி வளர்ந்துகொண்டே வந்தது. மனுப் பிரதிகள், உம்மம்மா ஓத எழுதிய நோட்டுகள், தாலாட்டுகள், ஒப்பாரிகள், சங்கரா மீனுக்கும் காரல் மீனுக்கும் வேறுவேறாக வைக்கும் குழம்புச் செய்முறைகள், பாசி வளர்க்கும் பெண்கள் எழுதிய மிதவைக் கணக்கு. பாக் ஜலசந்திக் கரையில் மூங்கில் மிதவையில் கயிறு கட்டி வளர்க்கும் பாசியை நாற்பத்தைந்து நாளில் அறுப்பார்கள். எந்த மிதவையில் என்று கட்டியது, காற்று எப்படி, எவ்வளவு காய்ந்தது என்று தேதி போட்டு அவர்கள் எழுதிய நோட்டு ஒரு விவசாயப் புத்தகம்.

லண்டனில் 1926இல் பெண்ணுரிமைச் சங்கத்தார் தொடங்கிய பெண்கள் நூலகம் இன்று லண்டன் பொருளாதாரப் பள்ளியில் இருக்கிறது. கிளாஸ்கோவில் 1991இல் தொடங்கிய பெண்கள் நூலகம் நன்கொடையாக வந்த புத்தகங்களாலேயே வளர்ந்தது. பெண்கள் எழுதிய கடிதம், துண்டறிக்கை, பதாகை என்று மற்றவர்கள் குப்பையில் போடுவதையெல்லாம் அவை சேர்த்து வைக்கின்றன என்று படித்தபோது, எங்கள் டிரங்குப் பெட்டியின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

*

எழுதத் தெரியாது என்று ஒதுங்குகிறவர்களுக்கு நான் இரண்டு பேரைப் பற்றிச் சொல்வேன். ஒருவர் வை.மு. கோதைநாயகி. 1901இல் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், குழந்தையாகவே மணம் முடிக்கப்பட்டவர். முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு ‘ஜகன்மோகினி’ இதழைப் பல்லாண்டு நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். இன்னொருவர் நாகூர் சித்தி ஜுனைதா பேகம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1938இல் ‘காதலா கடமையா’ நாவல் வந்தபோது உ.வே. சாமிநாதையரே முன்னுரை எழுதினார். இதைச் சொன்ன அன்று ஒரு பெண், “நாகூரா? நம்ம கரைதானே” என்றாள். கடலோரமாகவே போனால் வந்துவிடும் ஊர். அந்தச் சொந்தம் எந்தப் பாடத்தையும்விட வேகமாக வேலை செய்தது. ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுதுவது எங்கள் சனிக்கிழமைகளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. மனுவிலிருந்து கதைக்கு ஒரு எட்டுத்தான்.

எங்கள் பாயில் உட்கார்ந்து குரூப் 4 தேர்வுக்குப் படித்த பெண்கள் உண்டு. 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது தன்னார்வலராகப் போன பெண்களில் எங்கள் வாசகிகளும் இருந்தார்கள். 2022இல் வந்த நூலக நண்பர்கள் திட்டத்தில், நூலகத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோக அரசு தன்னார்வலர்களைக் கேட்டது. அரிசிப் பையில் புத்தகம் சுமந்து பழகியவர்களுக்கு அது தெரிந்த வேலைதான்.

இப்போது சில ஊர்களிலிருந்து பெண்கள் நூலகம் தொடங்க யோசனை கேட்டு வருகிறார்கள். எத்தனை புத்தகம் வேண்டும், என்ன அலமாரி என்பார்கள். நான் சொல்வது இதுதான்: முதலில் ஒரு மாதம் தெருவில் நடந்து நேரம் கேளுங்கள். எந்தப் பக்கம் கதவு வைப்பது என்று கேளுங்கள். பதிவேட்டில் பெயர் எழுதாதீர்கள். புத்தகம் தானாக வரும்.

கடைசியாக ஒரு வாசகியைப் பற்றி. நடுத்தர வயது. முடுக்கு வழியாகச் சரியாக இரண்டரைக்கு வருவார். ஜன்னலோரப் பாயில் உட்கார்ந்து, கைக்கு அகப்பட்ட புத்தகத்தை மடியில் விரித்துக்கொள்வார். பக்கம் திருப்ப மாட்டார். கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் சுவரில் சாய்ந்து கண்ணயர்வார். நாலரை ஆனதும் கடிகாரத்தைப் பார்த்து, புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். மாதக்கணக்கில் இப்படி. நூலகத்தைப் பார்வையிட வந்த ஒருவர், “இவங்க படிக்கிற மாதிரித் தெரியலையே, இவங்களையும் வாசகர் கணக்குல சேர்ப்பீங்களா?” என்று கேட்டார்.

அன்றைய வருகைப் பதிவேடு திறந்துதான் இருந்தது. அவருடைய எண்ணுக்கு நேரே வந்த நேரம் 2.30 என்று காலையிலேயே பழக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். பேனாவை எடுத்துப் போன நேரம் 4.30 என்று நிரப்பினேன். வாசகர் என்ற கட்டத்தில் ஒரு கோடு சேர்த்தேன்.